சாயோவின் புகை

காலையில் எழுந்ததும் கெய்ஜி அடுப்பில் தண்ணீர் வைத்தான். வெந்த சோற்றில் முதல் கவளத்தைச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் எடுத்துப்போய், பாய் விரித்த அறையில், இறந்துபோன மனைவி சாயோவின் படத்துக்கு முன் வைத்தான். மின்சார ஊதுவத்தியின் பொத்தானை அழுத்தினான். நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மணியைத் தட்டிவிட்டுக் கும்பிட்டான். பூனைக்கு மீன் போட்டான். பூனை தின்றது. தேநீர் குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அதன் வாய் நிறைய மீன் இருக்கும்போதும் அந்த மூச்சிழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

கோப்பையைக் கீழே வைத்தான். சத்தம் நின்றது.

அந்தச் சத்தத்துக்காகத்தான் பூனையே வீட்டுக்கு வந்தது. சாயோ போன சில நாட்களில், பனி கொட்டும் தெருவில் விலங்குக் காப்பகத்தைக் கடக்கும்போது அது காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை மெல்லக் கிழிப்பது போன்ற இழுப்பு. சாயோவின் கடைசி மாதங்கள் முழுவதும் அவன் அதன் பக்கத்தில்தான் தூங்கினான். அது நின்றபின் தூக்கமும் இல்லை.

காப்பகம் நடத்திய ஹோரிகுச்சி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தனியா இருக்கற ஆம்பளைக்கு நாங்க பூனை குடுக்கறதில்ல தம்பி. பாதிப் பேரு பட்டினி போடுவாங்க. மீதிப் பேரு கப் நூடுல்ஸ் போடுவாங்க."

"சமைப்பேன்."

"இதுக்கு நெஞ்சுல சளி. இது மூச்சு விடறதக் கேட்டதும் எல்லாரும் முகத்தச் சுளிச்சுக்கிட்டு ஓடறாங்க."

"எனக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான் அக்கா."

அவள் கூண்டின் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"சரி, வச்சுப் பாருங்க. வீட்டுல புகை கூடாது. சிகரெட், ஊதுவத்தி, எதுவும். மூச்சு மோசமாச்சுன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் கெஞ்சக் கூடாது."

பாய் அறையில் அப்போது அத்தை, சாயோவின் அம்மா, ஏற்றிவைத்த ஊதுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. செத்தவர்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் வரை வாசனைதான் சாப்பாடு. அதைத் தின்று தெம்பு பிடித்துத்தான் அக்கரை போவார்கள், அதுவரை புகை அறுந்துவிடக் கூடாது. அத்தை சுருள்களை அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். கெய்ஜி கல்லூரியில் வேதியியல் படித்தவன். சுருளை அணைத்துவிட்டு மின்சாரக் குச்சி வாங்கி நட்டான். சோறுதான் வைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டான்.

மருந்தை ஆவியாக்கித் தரும் சாயோவின் நெபுலைசர் வீட்டிலேயே இருந்தது. கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி, துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, பூனையை உள்ளே விட்டு மூடுவான். இயந்திரம் உறுமும். வெளியே பனி கூரையிலிருந்து சரிந்து பொத்தென்று விழ, அறையில் ஈரப்பாயும் மருந்தும் ஆறிப்போன சோறும் கலந்த வாடை எழ, வெள்ளை மூட்டம் பூனையின் முதுகைத் தொட்டு, காதைத் தொட்டு, பிறகு அதை விட்டு விலகிப் பெட்டியில் படத்தின் பக்கமுள்ள மூலைக்கு நகர்ந்து அங்கே ஒடுங்கிக் காணாமல் போகும். பூனை எதிர் மூலையில் முதுகை ஒட்டி நிற்கும். அது எங்கே பார்க்கிறது என்று கெய்ஜி பார்க்கவில்லை.

இன்று மதியம் ஹோரிகுச்சி அக்கா பூனையைப் பார்க்க வந்தாள். மடியில் போட்டு விலாவில் காது வைத்தாள்.

"அட, சுத்தமா இருக்கே! நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க."

"இன்னைக்குக் காலையில கூட இழுத்துச்சு."

"இதுவா? இல்ல தம்பி. கேட்டுப் பாருங்க."

அவன் காது வைத்தான். ரோமத்துக்கு அடியில் மூச்சு தண்ணீர் போல் போய் வந்தது. சத்தமே இல்லை.

"எத்தன நாளா இப்படி?"

"வந்து ரெண்டு வாரத்துலயே தேறியிருக்கும். உங்க மூச்சத்தான் கேட்டிருப்பீங்க. ஆளும் இளைச்சுட்டீங்க. நீங்களும் டாக்டரப் பாருங்க." அவள் காலணியை மாட்டிக்கொண்டாள். "இனி இவ உங்க பூனை. சந்தோசமா?"

"ம்."

அவள் போனதும் இருட்டத் தொடங்கியது. தொலைபேசி அடித்தது.

"மாப்பிள, புகை வருதா?" அத்தை கேட்டாள்.

"வருது அத்தை."

"சாயோ கனவுல வந்தா. பேசல. வாயத் திறந்து திறந்து மூடறா, கரையில போட்ட மீன் மாதிரி. பசிக்குதாடீன்னு கேட்டேன். தலைய ஆட்டறா. நாளைக்கழிச்சு நாப்பத்தொம்பது. தெம்பில்லாம எப்படிப் போவா? நீங்க ஏத்தறீங்கதானே?"

"ஏத்தறேன் அத்தை."

போனை வைத்தான். பூனை வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தமே இல்லாமல்.

பாய் அறையில் இழுப்பு தொடங்கியது.

அத்தையின் சுருளை எடுத்தான். தீப்பெட்டியை எடுத்தான். கதவைத் தள்ளினான். நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போடவில்லை. பெட்டியின் மூடி மூடியிருந்தது. உள்ளே மூட்டம். மூலையில் பிளாஸ்டிக்கின் உட்புறம் வட்டமாக வேர்த்தது. மங்கியது. மறுபடி வேர்த்தது. கண்ணாடியில் வாய் வைத்து ஊதியது போல. வட்டம் ஒவ்வொரு முறையும் சிறுத்தது.

பசி.

ஒரு தீக்குச்சி போதும். புகை வரும். சாப்பிடுவாள். தெம்பு வரும். போவாள்.

சத்தமும் போகும்.

கெய்ஜி சுருளை ஒடித்தான். சின்னத் துண்டுகளாக. தீப்பெட்டியை ஜன்னலுக்கு வெளியே பனியில் எறிந்தான். மண்டியிட்டான். மூடியைத் திறந்தான். முகத்தை உள்ளே விட்டான்.

குளிர். மருந்து வாடை. ஈரம் உதட்டைத் தொட்டது. உதடுகளைத் திறந்தது. அவன் மூச்சு வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. திரும்பவில்லை.

இழுப்பு இப்போது கொஞ்சம் எளிதாக வந்தது. அவளுக்கு.

சாகும்போது சாயோ நன்றி சொன்னாள் என்றுதான் அத்தையிடம் அவன் சொல்லியிருந்தான். உண்மையில், ஆஸ்பத்திரியில், அவன் சட்டையைப் பிடித்து முகத்தைக் கிட்டே இழுத்து அவள் சொன்னது:

"உங்களுக்கு மட்டும் எவ்வளவு சுலபமா வருது. எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்."