அவன் வேலை முடிந்தால்தான்

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அம்மா இருபது வருடம் செங்கல் சுமந்து வாங்கிய வலியை, அவள் இரண்டே வருடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாங்கியிருந்தாள்.

திரையில் மூன்று நாளாக ஒரே வரி... 'காத்திருக்கிறது.'

ஒரு பாலம் எவ்வளவு கனம் தாங்கும் என்ற கணக்கு அது. நூறு கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் இரண்டு வேலையாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். முதலாவது நல்லபடியாக முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கும். முதலாவது அன்றைக்கே முடிந்துவிட்டது. பிறகு ஏன்? நாளை மதியம் முடிவைக் கொடுக்காவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

'இது முடிந்தபின் தொடங்கு' என்று இரண்டாவது வேலைக்குக் கொடுத்திருந்த முதல் வேலையின் எண்ணைச் சரிபார்த்தாள். கடைசி இலக்கம் தப்பு! அவள் வேலை யாரோ ஒருவனின் வேலை முடியக் காத்துக் கிடந்தது. இப்போது திருத்தினால் வரிசையின் கடைசிக்குப் போகும்... இரண்டு நாள்.

அந்த எண் ஒரு மழைக் கணக்கினுடையது; அதற்கு உரியவனின் அறை இரண்டு மாடி கீழே. ஓடினாள்.

ஜன்னலோரம் ஒருவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். வெளியே மழை. நனைந்த இமைகளுக்குள் தூங்காத கண்கள்... வந்த வேகம் ஏனோ குறைந்தது.

"மழைக் கணக்கு போடுற ஆள் நீங்கதானே?"

"ஆமாங்க."

"ஒரு குடை எடுத்துட்டு வரத் தெரியல, ஊருக்கு மழை சொல்லப் போறீங்களாக்கும்!"

"அடுத்த மாச மழைதாங்க என் கணக்கு. இன்னைக்குப் பெய்யறதுக்கு நான் பொறுப்பில்ல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"அந்தப் பாலம்... நீங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே பார்த்தேன். என் வேலைக்குப் பின்னால ஒண்ணு நின்னுட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல? ஒரு வரி எழுதிப் போட்டா விரல் தேய்ஞ்சிடுமா?"

துண்டை மடித்தான், பிரித்தான். "ஆறு வருஷமா இங்க இருக்கேன். லிப்ட் கதவைக்கூட யாரும் எனக்காகப் பிடிச்சு நின்னதில்ல. தினமும் வந்ததும் அது இருக்கான்னு பார்ப்பேன்... இருக்கும். சொன்னா எடுத்துடுவீங்க. அதான்... தப்புதாங்க."

"உங்க தனிமைக்கு என் சோத்துலயா கை வைப்பீங்க?"

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். பதினோரு நாளாக ஓடும் கணக்கு. பாதியில் வலுக்கட்டாயமாக நிறுத்தினால் தோற்றதாகப் பதிவாகும். அவளுடையது என்றைக்குமே தொடங்காது. அதனால், இதுவரை போட்டதைச் சேமித்துக்கொண்டு ஒழுங்காக முடித்துக்கொள்ளும்படி அந்தக் கணக்குக்குக் கட்டளை கொடுத்தான். இரண்டு நிமிடத்தில் அவள் கைபேசி அதிர்ந்தது. 'ஓடுகிறது.'

"எத்தனை மணி நேர வேலைங்க?"

"ஆறு." மூச்சு விட்டாள். "உங்களுது?"

"பாதி மாச மழைதான் தேறும். மீதிக்கு மறுபடி வரிசையில நிக்கணும்."

வாசல்வரை போனவள் நின்றாள்.

"சாப்பிட்டாச்சா?"

"இல்லைங்க..."

"வாங்க."

"கோபம் போயிடுச்சா?"

"போகல. இந்த மாசத்துல வேலையைத் தவிர வேற பேச்சு நான் பேசின முதல் ஆள் நீங்க. உங்களைப் பிடிச்சிருக்கு. அது வேற... என் மூணு நாள் வேற."

"அதை எப்படிங்க திருப்பித் தர்றது?"

"தெரியல. ஆனா தரணும்."

தரவேண்டியதுதான். அவன் அவளுக்கு மூன்று நாள் கடன்பட்டிருந்தான்.