மஞ்சள் வாக்கிடாக்கி

அமிர்தம் பேசி முடித்துப் பட்டனை விட்ட பிறகும், மஞ்சள் வாக்கிடாக்கிக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும் என்று தங்கதுரை ஜீப்பை முந்திரித் தோப்புக்குள் இறக்கினார்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து களிமண் குழிக்குப் போகும் அந்தத் தடத்தில் செல்போன் எடுக்காது. போன மழையில் டிரைவர் காத்தவராயனின் ஜீப் சேற்றில் கவிழ்ந்தபோது கூப்பிட வழியில்லாமல் போயிற்று. விடிந்துதான் பிணத்தை எடுத்தார்கள். அதற்கப்புறம் முதலாளி இரண்டு ஜோடி வாக்கிடாக்கி வரவழைத்தார், மஞ்சளில் ஒன்று, கறுப்பில் ஒன்று. எது குழி வரைக்கும் எட்டுகிறதென்று பார்த்துச் சொல்வது தங்கதுரையின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை, சூளைகள் ஓடவில்லை. ஆபீஸ் மாடியில், ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு செட்டோடு, கணக்கு எழுதும் அமிர்தம் மட்டும்; மற்ற இரண்டும் ஜீப்பில்.

தோப்புக்குள் நுழைந்ததுமே மஞ்சள் செத்துவிட்டது. கறுப்பு கணீரென்று கேட்டது. பொழுது சாய்கிற நேரம். மட்கிய முந்திரி இலையின் வாடையும் ஈரக் களிமண்ணின் வாடையும் கலந்து தொண்டையில் படிய, கிளைகள் ஜீப்பின் தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் உரசிக்கொண்டே வர, குழியின் விளிம்பில் வண்டியை நிறுத்தினார்.

சீட்டில் கிடந்த மஞ்சள் செட் பேசியது.

"அண்ணே, கேக்குதாங்க?"

அமிர்தத்தின் குரல்தான்.

"நல்லா கேக்குதும்மா!"

"ஆபீஸ்ல இப்ப யாரு இருக்கா?"

"நீ மட்டுந்தானே இருக்க. என்னம்மா கிண்டலா?"

"எந்தப் பக்கமா ஏறி வரணும்?"

"எங்க? மாடிக்கா? பின்பக்கப் படிதான். ஏன்?"

அவர் கறுப்பை எடுத்தார். "அமிர்தம், மஞ்சளும் குழி வரைக்கும் கேக்குதும்மா."

"எப்புடிண்ணே? அப்பவே பேட்டரிய கழட்டி மேசைல வச்சிட்டேனே."

தங்கதுரை சீட்டில் கிடந்த மஞ்சளைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்களா? பின்பக்கப் படில காலடிச் சத்தம் கேக்குது."

"நான் இல்ல! தொறக்காத!"

அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் விடும் வரை இவர் குரல் போகாது. போகவே போகாது. கத்தினார். கட்டைவிரல் வலிக்க அழுத்தினார்.

கதவு தட்டும் சத்தம். மூன்று தடவை.

பிறகு ஒரு ஆண் குரல்.

"அமிர்தம், நான்தாம்மா. தொற."

தங்கதுரையின் குரல்.

"இருங்கண்ணே, வரேன்."

வளையல் சத்தம். தாழ்ப்பாள்.

"ஐயோ..."

பட்டன் விடுபட்டது. இரைச்சல்.

"அமிர்தம்! அமிர்தம்!"

குழித் தண்ணீரில் கடைசி வெளிச்சமும் போயிற்று. அப்புறம் இரண்டு செட்டிலும் ஒரே சமயத்தில் அவள் குரல் வந்தது, நிதானமாக.

"குழிக்கிட்டயே இருங்கண்ணே. நாங்க வரோம்."