அர்த்தநாரியின் அச்சம்

2071ஆம் ஆண்டு நவம்பர் 14, சனிக்கிழமை. கொல்லிமலையில் விடியுமுன் பிடித்த மழை நண்பகல் கடந்தும் ஓயவில்லை. மூடுபனி கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

மலைச்சாலைக் கார்ப்பந்தயமான ராலியின் கடைசிக் கட்டம் தொடங்குமிடத்தில், ஓட்டுநர் அர்த்தநாரியின் பிடரியில் தானோடி வண்டிகள் செய்யும் நிறுவனத்துப் பெண் அச்சவாங்கியை ஒட்டினாள். நாணயம் அளவே உள்ள அக்கருவி, நரம்பில் எழும் அச்சத்தை எழும்போதே உறிஞ்சிப் பதிவுசெய்ய வல்லது.

நாட்டின் வண்டிகள் யாவும் தாமே ஓடிய காலம் அது. தொடக்கத்தில் அவற்றுக்கு அறிவு இருந்தது, அச்சம் இல்லை. பள்ளத்தின் ஆழத்தைப் பிழையின்றி அளந்துகொண்டே பள்ளத்தில் இறங்கின. ஆதலால் அச்சத்தை மனிதரிடம் கடன்வாங்க நேர்ந்தது. கையால் வண்டி ஓட்டும் மனிதர் என்று எஞ்சியவரோ ராலிக்காரர் மட்டுமே.

இருபத்தாறாம் வயதில் திருச்செங்கோட்டுப் புழுதித் தடத்தில் அர்த்தநாரி முதன்முதலாக ஓட்டியபோது பதிவான அச்சத்தைக் கண்டு பொறியாளர்கள் வியந்தனர். அத்துணைத் தெளிவான நடுக்கத்தை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. அதுவே எல்லா வண்டிகளிலும் ஏற்றப்பட்டது. ஆனால் உறிஞ்சப்பட்ட அச்சம் அவனுள் மீண்டும் ஊறவில்லை. அது வற்ற வற்ற அவனது வேகம் கூடியது. மாவட்டம், மாநிலம், தென்மண்டலம், தேசியம் என்று விறுவிறுவென ஏறினான். இன்று வென்றால் உலகப் பந்தயத்தில் ஓர் இருக்கை உறுதி.

"போன ரெண்டு ராலியும் பதிவு வெறுமையாத்தானுங்க வந்துச்சு. சும்மா சம்பிரதாயத்துக்கு ஒட்டறேன்" என்றாள் அந்த நிறுவனத்துப் பெண்.

"எனக்கொண்ணு ஒட்டுங்க அம்மணி, நல்ல சரக்காக் கெடைக்கும். அவருக்குஞ் சேத்து நாந்தானே பயப்படறேன்!" என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த செல்லக்குமரன். அவன் அர்த்தநாரியின் மனைவிக்குத் தம்பி. வளைவுகளின் குறிப்பை உரக்கப் படித்து வழிசொல்பவன்; குறிப்பில் எண் குறையக் குறைய வளைவு கொடிது. சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"வேண்டாமுங்க மச்சான். மழை நிக்கட்டும். இல்லாட்டி வெலகிக்கலாம்."

"உலகப் பந்தயம்டா மாப்ளே! ஊட்டுக்குப் போயி ஒக்காந்து பயந்துக்க."

வண்டி சீறிப் புறப்பட்டது.

"வலது மூணு, இறுகுது, உள்ளே வெட்டாதீங்க... இடது ரெண்டு, எச்சரிக்கை!"

செல்லக்குமரன் எந்த ஆபத்தையும் ஒரு படி கூட்டியே படிப்பான். அர்த்தநாரி அதை ஒரு படி குறைத்தே கேட்பான். ஐந்து ஆண்டுகளாக இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஏற்பாடு இது.

"இடது ஒண்ணு! மண்ணு சரிஞ்சு கெடக்குதுன்னு முன்னால போனவன் ரேடியோவுல சொல்றான்! நிறுத்துங்க மச்சான்!"

அர்த்தநாரி வழக்கம்போல் எச்சரிக்கையைத்தான் ஒரு படி குறைத்துக்கொண்டான், வேகத்தை அல்ல.

சேற்றில் வழுக்கிய வண்டி இருமுறை புரண்டு, சரிவில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. அர்த்தநாரி நெற்றிக் கீறலோடு வெளியே வந்தான். செல்லக்குமரனின் தொடைகள் இரண்டையும் நசுங்கிய முன்பலகை கவ்விப் பிடித்திருந்தது. குருதி நிற்கவில்லை. இழுக்க இழுக்க அவன் அலறினான்.

முன்னால் போனவன் தொலைவு கடந்துவிட்டான்; அருகே வேறு மனிதர் எவரும் இலர். பார்ப்போர் வீட்டுத் திரையில் பார்த்தனர், காவல் நின்றவை கருவிகள். ஆயினும் தானே ஓடும் மீட்பூர்தி விரைந்து வந்தது. அதன் இரும்புக் கைகள் முழு வண்டியையே தூக்கிவிடும். ஆனால் சாலையின் குறுக்கே பாய்ந்த வெள்ளத்துக்கு அப்பால் அது நின்றுவிட்டது. அர்த்தநாரி மேலேறி, வெள்ளத்தில் இறங்கி நடந்து, அதன் கதவைத் தட்டினான்.

"அது வராதுங்க சார்" என்றது ஊர்தியின் ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டகத்துப் பெண்குரல். "தண்ணியப் பாத்துப் பயப்படுது."

"மொழங்கால் தண்ணிதானுங்க! நான் நடந்தே வந்துட்டேன்!"

"தெரியுதுங்க. ஆனா அது உங்க பயந்தானே சார்? உங்க மொதப் பதிவு. அதை யாரும் மீற முடியாதபடிதான் வெச்சிருக்காங்க."

"அப்ப நான் ஓட்டறேன். கதவைத் தொறங்கம்மா."

"ஓட்டறதுக்கு அதுல ஸ்டீயரிங்கே கெடையாதுங்க. ஆளுங்கள அனுப்பறோம், ஒரு மணி நேரமாகும்."

அவன் திரும்பி ஓடினான். செல்லக்குமரனின் உதடுகள் வெளுத்திருந்தன.

"வருதுங்களா?"

"வந்துக்கிட்டே இருக்குது மாப்ளே."

"எனக்குப் பயமா இருக்குதுங்க மச்சான்." அவன் அர்த்தநாரியின் கையைப் பற்றினான். "நீங்களும் கொஞ்சம் பயப்படுங்க. ஒத்தையில முடியல."

அர்த்தநாரி தன்னால் இயன்றவரை முயன்றான். மனைவியின் முகத்தை எண்ணினான். துயரம் வந்தது, அச்சம் மட்டும் வரவே இல்லை. அவன் கை கல்லைப்போல் அசையாமல் இருந்தது. அந்தக் கையில் ஒரு சிறு நடுக்கத்தையேனும் தேடித் தேடி இளையவனின் விரல்கள் இறுகின.

வெள்ளத்துக்கு அப்பால் மீட்பூர்தி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்சக்கரங்கள் நீரைத் தொடும், உடனே பின்வாங்கும், மீண்டும் தொடும்.

செல்லக்குமரனின் விரல்கள் தளர்ந்தபோது மாலை மணி நான்கு பதினேழு.