பத்து விநாடி மௌனம்

ஏழு வரைக்கும்தான் எண்ணியிருந்தாள் ஹெஸ்டர். இன்னும் மூன்று பாக்கி இருந்தது...

கையில் தந்தி. கடலுக்குப் போன கணவன் இனி வரமாட்டான் என்ற தந்தி. நாடகத்தில் அந்த மனைவி அழமாட்டாள், அலறமாட்டாள். பத்து எண்ணும் வரை சும்மா நிற்பாள்... பிறகு, “தேநீர் ஆறிடுச்சு” என்பாள். ஹல் துறைமுக நகரத்தில் கடலுக்கு ஆள் அனுப்பாத வீடு எது? அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடை ஓரத்திலிருந்து ஒரு ஆண் குரல் கணீரென்று கேட்டது.

“தேநீர் ஆறிடுச்சு...”

வசனம் மறந்துபோன நடிகைக்கு எடுத்துக்கொடுக்கிற குரல். மாடியில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும். மூன்றாவது வரிசையில், இவளைப் பார்ப்பதற்கென்றே லண்டனிலிருந்து வந்திருந்த சினிமா டைரக்டர் பெல்ஃபீல்ட், தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஹெஸ்டருக்கு முப்பத்து நான்கு வயது. பதினொரு வருஷ மேடை. வாரத்துக்கு ஒரு புது நாடகம்; இன்றைக்கு ஒன்றை நடித்துக்கொண்டே அடுத்ததை மனப்பாடம் செய்கிற பிழைப்பு. சினிமா என்று பார்த்தால் இரண்டு... இரண்டிலும் தேநீர்த் தட்டோடு வந்து, வைத்துவிட்டுப் போகிற வேலைக்காரி. முதல்முறையாக ஒரு கதாநாயகி வேடம் வாசல்வரை வந்தது. அதையும் ஒருத்தன் வாயைத் திறந்து விரட்டிவிட்டான். கோபம் வராமல் வேறு என்ன வரும்?

திரை விழுந்ததும் நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

“யாருய்யா நீ?”

“வில்ஃப் ஆர்க்ரைட்ங்க. பத்திரிகை அச்சகத்துல பிழை திருத்துறேன். வழக்கமா வசனம் எடுத்துக்கொடுக்குற மிஸ் டிம்ப்ளிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு... பக்கத்து வீட்டுக்காரன்னு என்னை அனுப்பினாங்க.”

“பிழை திருத்துறவரா? ரொம்பப் பொருத்தம். என் வாழ்க்கையில இருந்த ஒரே நல்ல வரியை அடிச்சிட்டீங்க.”

“மிஸ் லார்க்கின், நான் வந்து...”

“பேசாதே. பேச வேண்டாத இடத்துல பேசினே இல்ல, இப்ப வாயை மூடு. மௌனம் வர்ற இடத்துல நாடகப் புத்தகத்துல பென்சில் வட்டம் போட்டிருப்பாங்க. நேத்து சேர்ந்தவனுக்கும் தெரியும். உன் கண்ணு என்ன பொட்டையா?”

அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. பழுப்பும் பச்சையும் கலந்த, மெல்லக் கலங்கியிருந்த கண்கள்... அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. காரியத்தைக் கெடுத்தவனுக்கு இவ்வளவு நல்ல கண்கள் எதற்கு?

“போ இங்கேருந்து.”

போனான். கோட்டைக்கூட எடுக்காமல், கொட்டுகிற மழையில் ஓடினான்.

பாதி மேக்கப் கலைத்திருந்தபோது வாசல்காரர் வந்து சொன்னார். “அந்தத் தம்பி ஸ்டேஷனுக்கு ஓடுதும்மா. லண்டன்காரரைப் பிடிச்சு, தப்பு தன்னோடதுன்னு சொல்லப் போகுதாம்.”

ஹெஸ்டருக்கு உச்சந்தலை வரை சுட்டது. எனக்காகக் கெஞ்சப் போகிறானா? இவன் யார் எனக்கு?

ஒரு கன்னத்தில் பூச்சும் ஒரு கன்னத்தில் கிரீமுமாக அவளும் மழையில் இறங்கி ஓடினாள்.

பிளாட்பாரத்தில், ரயில் பெட்டியின் ஜன்னலோரம் சொட்டச் சொட்ட நின்றிருந்தான் வில்ஃப். உள்ளேயிருந்து பெல்ஃபீல்ட் எட்டிப் பார்த்தார்.

“வாங்க மிஸ் லார்க்கின். புத்தகத்துல வட்டம் போடாம விட்டுட்டாங்களாம், அதனால வந்த வினையாம். வந்ததுலேருந்து இதையே சொல்றார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நாடகம் கிடையாதே... காலையில பதினோரு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வாங்க. நடிச்சுக் காட்டுங்க.”

“வரமாட்டேன்.”

“என்னது?”

“பிச்சையா வர்ற வேஷம் எனக்கு வேண்டாம்.”

ரயில் ஊதியது. “உங்க இஷ்டம். பதினோரு மணிக்கு கேமரா தயாரா இருக்கும்” என்று ஜன்னலை ஏற்றிக்கொண்டார் அவர்.

ரயில் போனது. அவள் திரும்பினாள்.

“திருப்தியா? மேடையில மானம் போச்சு, மிச்சமிருந்ததை இங்க கொண்டாந்து ஏலம் விட்டாச்சு. யாரைக் கேட்டுக்கிட்டுப் பேசினே?”

“யாரையும் கேட்கல.” இப்போது அவன் குரலிலும் சூடு ஏறியது. “அவர்கிட்ட பொய்தான் சொன்னேன். வட்டம் இருந்துச்சு.”

“என்ன?”

“பெருசா, கறுப்பா இருந்துச்சு. நல்லாப் பார்த்தேன்.”

“பார்த்துட்டுமா...”

“பார்த்துட்டுதான்.” மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்தெடுத்தான். “யுத்தத்துல என் அண்ணன் போன கப்பல் மூழ்கிடுச்சுன்னு தந்தி வந்துச்சு. எங்க அம்மா அடுப்பங்கரையில அப்படியே நின்னாங்க. நீங்க நின்ன மாதிரியே. நான் பக்கத்துலதான் இருந்தேன்... ஒரு வார்த்தை வரல. பதினாலு வருஷமா அதுக்கு என்னையே திட்டிட்டிருக்கேன். இன்னைக்கு நீங்க நின்னீங்க. நாடகம்ங்கறதே மறந்துபோச்சு. கையில வார்த்தை இருந்துச்சு... கொடுத்துட்டேன். உங்களை அப்படித் தனியா நிக்க விட என்னால முடியல. இனிமேலும் முடியாது. இப்ப திட்டுங்க.”

திட்ட வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை... வசனத்துக்கே பிறந்தவள் என்று பத்திரிகைகள் எழுதிய ஹெஸ்டர் லார்க்கினுக்கு.

கைதட்டியவர்கள் உண்டு. பூங்கொத்து அனுப்பியவர்கள் உண்டு. பதினொரு வருஷத்தில், அவள் தவித்ததை நிஜமென்று நம்பி உதவிக்கு வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

“இதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீங்க பேச விட்டாத்தானே.”

சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை, கண்ணீராக இறங்கியது, மழையோடு சேர்ந்து. கன்னத்துப் பூச்சு கரைந்து கழுத்துவரை ஓடியது.

“எனக்கு உன் மேல இன்னும் கோபம் தீரல, வில்ஃப்.”

“தெரியுது.”

“சீக்கிரத்துல தீராது. வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் நீ எங்கேயும் போகக்கூடாது. பக்கத்துலயே இருந்து வாங்கிக் கட்டிக்கணும்... சரியா?”

அவன் அவள் ஈரக்கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டான்.

“ஞாயித்துக்கிழமை லண்டன் வண்டி எத்தனை மணிக்கு?” என்றாள் ஹெஸ்டர்.