பேணி மாறிய பித்தளைக் கோதுகள்

"நாளைக்குப் பின்னேரம் வேட்டைக் கிளப்பில என்ர பேரை எடுக்கிறதோ வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுக்கப் போறாங்கள், தங்கச்சி."

யோசேப் இதை நின்றபடியே சொன்னார். கதிரையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. அவருடைய மனைவி ராசமலர்தான் குளிர்ச் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஓரமாக அமர்ந்தார்.

1993 ஜனவரி. தமிழ் அகதிகளின் குடும்பத்தார் வருவதை இழுத்தடித்ததை அம்பலமாக்கிய 'தமிழர் வழக்கு' அறிக்கையால் டேனிஷ் அரசு விழுந்த வாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்யும் யோகமலர், தேநீரை மூடி வைத்துவிட்டு மேசையைத் துடைத்தாள். அவளுடைய கணவன் நித்தியானந்தன் ஏற்கெனவே கொப்பியும் பேனையுமாக இருந்தான்.

"நடந்ததைச் சொல்லுங்கோ, அண்ணை."

நடந்தது இதுதான். ராசமலரின் விசா விண்ணப்பம் இழுபட்ட காலம் முழுவதும் யோசேப்புக்காகக் கடிதம் எழுதியவர் கிறிஸ்டன் என்ற, பண்ணை வைத்திருந்த டேனிஷ் கமக்காரர். அறிக்கை வந்த கையோடு, அவருக்கு நன்றியாக யோசேப் தன் கையால் கட்டிய இருபது தோட்டாக்களைக் கொடுத்தார். சனிக்கிழமை வேட்டையில் முதல் வெடி மானைக் காயப்படுத்தியது. இரண்டாவது தோட்டாவைப் போட்டபோது துப்பாக்கி மூடவில்லை. காயத்தோடு ஓடிய மானை நாய் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. பிறகு மிச்சம் பத்தொன்பதையும் போட்டுப் பார்த்ததில் எட்டுக்கு மூடியது, பதினொன்றுக்கு மூடவில்லை.

"லோரன்ஸின்ர வேலைதான்!" என்றான் நித்தியானந்தன். "கிளப்பில இடம் கிடைக்கேல்லை எண்டு உங்களோட கோவமா இருந்தவன். பொங்கலண்டு உங்கட வீட்டை வந்தவன்."

"கொஞ்சம் பொறுங்கோவன்," என்றாள் யோகமலர். "தோட்டாவின்ர பித்தளைக் கோதுகள் ஆற்ற?"

"கிறிஸ்டன் சுட்ட பழங்கோது இருபது. என்ர துவக்கில சுட்டது இன்னொரு இருபது. ரெண்டும் ஒரே மாதிரித் தகரப் பேணியில, நிலக்கீழ் அறையில. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கோதின்ர கழுத்தையும் அச்சில சுருக்கி, எண்ணெய் துடைச்சு வைச்சன். வெள்ளிக்கிழமை அவற்ற பேணியை எடுத்து வெடிமருந்து போட்டுத் தோட்டா கட்டினன்."

யோகமலர் பூதக்கண்ணாடியை எடுத்து, கிறிஸ்டனிடமிருந்து திரும்பி வந்த பத்தொன்பது தோட்டாக்களையும் அடிப்பக்கம் மேலாக வரிசைப்படுத்தினாள். மூடிய எட்டின் விளிம்பிலும் நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் கோடு இருந்தது. மூடாத பதினொன்றில் அது இல்லை. யோசேப் கொண்டுவந்திருந்த மற்றப் பேணியைக் கவிழ்த்தாள். அதற்குள் கோடு உள்ளவை பதினொன்று.

"கிறிஸ்டனின்ர பழைய துவக்கு கோதை வெளியில இழுக்கேக்க கீறுது. அப்ப உங்கட பதினொண்டு அவரிட்டப் போயிருக்கு, அவற்ற பதினொண்டு உங்களிட்ட வந்திருக்கு."

"அதைத்தானே சொல்லுறன், லோரன்ஸ் மாத்திப்போட்டான்!"

"கெடுக்க வாறவன் பேணியையே மாத்துவான். இப்பிடிக் கலந்துபோட்டு, பேணிக்கு இருபது எண்டு எண்ணி அடுக்க மாட்டான். இது பொறுப்பான கை. என்ன வித்தியாசம் எண்டு மட்டும் தெரியாத கை." அவள் ஒரு கோதை அலமாரியிலிருந்த பித்தளை விளக்கின் அருகே பிடித்தாள். இரண்டிலும் மஞ்சளுக்குள் ஒரே இளஞ்சிவப்பு. பிறகு ஊசியால் அதன் விளிம்புப் பள்ளத்திலிருந்து ஒரு நாரைக் கிளறி எடுத்தாள். "அண்ணை, கோதை என்னத்தால துடைச்சனீங்கள்?"

"துணியால."

"இது பழப்புளித் தும்பு. நாங்கள் விளக்கு மினுக்கிற புளி."

ராசமலர் நிமிர்ந்தார். "நான்தான் மினுக்கினான். பொங்கலுக்கு முதல்நாள், புதன்கிழமை, மாதாவின்ர விளக்கோட சேர்த்து. கிறிஸ்டனுக்குக் குடுக்கிற சாமான் எண்டு இவர் சொன்னவர். பார்த்தால் கறுத்துக் கிடக்குது. எங்களைச் சேர்த்து வைச்ச மனுசனுக்கு ஊத்தைச் சாமானே குடுக்கிறது? எந்தப் பேணி எண்டு தெரியேல்லை, ரெண்டையும் கவிட்டன். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லையே."

"எண்ணெய் துடைச்சதாலதான் மினுங்குது எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார் யோசேப். யோகமலர் அவரை மேலே பேசவிடவில்லை.

"சுருக்கேக்க கழுத்தை மட்டும் ஏன் சுருக்கினீங்கள், அண்ணை?"

"சுட்ட கோது அந்தத் துவக்கில தோட்டா இருக்கிற அறைக்கு அளவா விரியும். அதே துவக்குக்குத் திரும்பிப் போறதெண்டால் கழுத்தை மட்டும் சுருக்கினால் போதும். முழுக்கச் சுருக்கினால் கோது கெதியாப் பழுதாப் போகும்."

"வேற துவக்குக்குப் போறதெண்டால்?"

"முழுக்கச் சுருக்க வேணும்."

"குடுக்க முதல் அவற்ற துவக்கில போட்டுப் பார்த்தனீங்களோ?"

"பரிசு குடுக்கிறன் எண்டுபோட்டு, அது சரியோ எண்டு பார்க்க அவரிட்டையே துவக்கைக் கேக்கிறதே? மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்." அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். "பிழை என்ரதான், தங்கச்சி. லோரன்ஸையும் வீணா நினைச்சுப்போட்டன்."

"நான் நினைக்கேல்லை," என்று சொல்லிக்கொண்டே நித்தியானந்தன் லோரன்ஸ் என்று எழுதிய கொப்பித் தாளைக் கிழித்தான். ராசமலருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கிளப்பில் யோசேப் எழுந்து நின்றார். கற்ற அளவு டேனிஷில், இரண்டு துப்பாக்கிகளின் கோதுகள் கலந்துவிட்டன என்றும், போட்டுப் பார்க்காமல் கொடுத்தது தன் பிழை என்றும் சொன்னார். தோட்டா கட்டுவதை ஒரு வருடம் நிறுத்துவதாகச் சொல்லி, அந்த மானுக்காகத் தலை குனிந்தார். வீட்டில் மினுக்கியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவரும் அவர் பெயரை எடுக்கக் கேட்கவில்லை.

வெளியே பனியில் கிறிஸ்டன் பழங்கோதுகள் நிறைந்த ஒரு பேணியை நீட்டினார். "ஒரு வருடம் கழித்து இதையும் கட்டித் தா. இந்த முறை முழுக்கச் சுருக்கு. அது சரி, நீ தந்த தோட்டாக்களில் போல என் பித்தளை மினுங்கி நான் கண்டதே இல்லை. அது யார் வேலை?"

யோசேப் நிமிர்ந்தார்.

"என் மனைவி. உங்களுக்கு நன்றி சொல்வதற்காக."