ஏழாவது ஜன்னல்

காலை 11.25. பிரிண்டரை ஒட்டிய மேஜையில், தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில், சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐந்து நிமிடம் முன்பு அதை அங்கே வைத்தவள் மேஜைக்கு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள்.

மதியம் 1.40. லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்த சப்-இன்ஸ்பெக்டர், யாரும் சொல்வதற்கு முன்பே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பணி ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். காலையிலிருந்து இது ஐந்தாவது புகார். காணாமல் போன சைக்கிள் இன்னும் காணவில்லை. மற்ற மூன்றும் சண்டைகள். பின்னால் வந்த ஏட்டுக்கு ஸ்டேஷனில் ரேடியோ என்று பெயர். போனில் வருவதையெல்லாம் உரக்கப் படித்துவிடுவார்.

"மேடம், வெங்காயத்தை நறுக்கித் தலைமாட்டுல வெச்சா நல்லாத் தூக்கம் வருமாம்."

"எனக்கு எதுவும் வைக்காமலே வருது. எழுதுங்க."

நீளமான அறை. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. நான்கு கம்ப்யூட்டர்கள், நான்கு நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. மூலையில் இருந்த மேஜையில் வயர்க் குப்பை, நேற்றைய காபி காய்ந்துபோன கப், முடிச்சு அவிழ்க்காத ஒரு சாப்பாட்டுப் பை. அந்த மேஜைக்காரிதான் புகார் கொடுத்தவள். வயது முப்பது இருக்கும். கண்ணைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம்.

"வீடியோ கேம் மேடம். நாலு வருஷ வேலை. இன்னிக்கு அஞ்சு மணிக்குத் தேர்வுக் குழு பாக்கறாங்க. எடுத்துக்கிட்டா கண்காட்சிக்குப் போகும். இல்லைன்னா இந்த ரூமைக் காலி பண்ணிட்டு நான் வேற வேலை தேடணும்."

"நகல் இல்லையா?"

"போன மாசத்து நகல் இருக்கு. அது வெறும் எலும்புக்கூடு. உயிரெல்லாம் இந்த மாசம் போட்டதுதான்."

"இந்த மாசம் ஏன் எடுக்கல?"

அவள் தரையைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் தினமும் கேக்கும், நகல் எடுக்கவான்னு. 'அப்புறம்'னு அழுத்திருவேன். முப்பத்தி நாலு நாளா."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவருடைய கைப்பையில் கிடந்த போனில் முந்நூற்றுப் பன்னிரண்டு மெசேஜ்கள் படிக்காமல் காத்திருந்தன.

"விளையாட்டு எப்படின்னு சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி."

அவள் பலகையில் ஒன்பது கட்டம் போட்டாள். ஒன்பது ஜன்னல். ஒன்றில் செய்தி ஓடும், ஒன்றில் விளம்பரம், ஒன்றில் யாரோ இருவர் சண்டை, ஒன்றில் பங்குச் சந்தை. எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும், கத்தும். விளையாடுபவர் கையில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம். அதை எந்த ஜன்னலில் வைக்கிறாரோ அது மட்டும் தெளிவாகத் தெரியும். மற்றவை மங்கிவிடும். உருப்படியான ஜன்னலைப் பார்த்தால் மார்க் கூடும், வீணானதைப் பார்த்தால் குறையும்.

"வீணானது எது?"

"விளம்பரத்துக்கு மைனஸ் ரெண்டு. சண்டைக்கு மைனஸ் மூணு. ஏழாவது ஜன்னலுக்கு மைனஸ் அஞ்சு. அதுல வீட்டு மெசேஜ் ஓடிட்டே இருக்கும். எப்ப வர்றே, சாப்பிட்டியா, அந்த மாதிரி."

"அதெல்லாம் நீங்களே எழுதினதா?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? போன்ல குமிஞ்சு கெடந்ததை அப்படியே எடுத்துக் கொட்டினேன். பேரை மட்டும் எடுத்துட்டேன்."

"சரி. காலைல நடந்ததைச் சொல்லுங்க."

பதினொன்றுக்கு நாலு பேரை உட்கார வைத்துக் கடைசிச் சோதனை. அவரவர் போனை அணைக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். கவனம் சிதறட்டும் என்றுதான் விளையாட்டே. அவள் முன்னால் நின்று, அவர்களுக்கு முதுகு காட்டியபடி மெயின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 11.20க்கு ஆட்டம் முடிந்தது. டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்நேரம் குழுவிலிருந்து போன். வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு 11.25க்குத் திரும்பினாள்.

"நடுவுல வேற போன் வந்ததா?"

"ஆட்டம் நடக்கும்போது பாக்கெட்ல அதிர்ந்துச்சு. பாக்காமலே அமுக்கிட்டேன். எந்நேரமும் அதிர்ந்துட்டேதான் இருக்கும். குழுவோட நம்பருக்கு மட்டும் தனிச் சத்தம் வெச்சிருக்கேன்."

"யார் மேல சந்தேகம்?"

அவள் தயங்கவே இல்லை. "சவுண்டுக்காரன். கேமுக்கு மியூசிக், சத்தமெல்லாம் போடறவன். பக்கத்து ரூம்லதான் இருந்தான். நேத்து எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை."

பிற்பகல் 2.05. வராந்தாக் கடைசியில் இருந்த வாசல் கதவு பூட்டியிருந்ததால் ஒருவரும் வெளியே போகவில்லை. போலீஸ் வருவதற்கு முன்பே அவள் எல்லோருடைய பைகளையும் கொட்டிப் பார்த்துவிட்டாள். நால்வருடைய பை, சவுண்டுக்காரனுடைய பை, ஆக ஐந்து. ரேடியோ இன்னொரு தடவை கொட்டினார், சட்டைப் பைகளையும் தடவிப் பார்த்தார். மேஜை, அலமாரி, கழிவறை, குப்பைத் தொட்டி எல்லாம் முடிந்தது. டிஸ்க் இல்லை.

முதலாம் நாற்காலியில் இருந்தவர் பல் டாக்டர்.

"எதையாவது பாத்தீங்களா?"

"வாய்க்குள்ள பாக்கறது என் தொழில். வெளியில நடந்ததைக் கேட்டா எப்படி? ஆட்டம் முடிஞ்சதும் தலை சுத்திச்சு, கண்ணை மூடிட்டேன். ஒரு தடவை திறந்தப்ப அந்தத் தாடிக்காரர் தண்ணி குடிக்க வந்தாரு. மேஜைகிட்ட நின்னாரு."

தாடிக்காரர்தான் சவுண்டுக்காரன்.

இரண்டாம் நாற்காலி, கூரியர் கொண்டு போகும் பெண். "நான் என் போனைப் பாத்துட்டிருந்தேன் மேடம். இதுக்குள்ள நாலு டெலிவரி கை விட்டுப் போச்சு. எப்ப விடுவீங்க?"

நான்காம் நாற்காலி, டியூஷன் வாத்தியார். அவரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாற்காலிக்காரர் டவுன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். விளையாட்டு செய்தவளின் சொந்த அண்ணன். சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டார். அவர் முழுத் தலையையும் திருப்பித்தான் பதில் சொன்னார். இடது சட்டைக் கை ஈரமாக இருந்தது.

"கை என்ன ஆச்சு?"

"தண்ணி ஜக்குல இடிச்சுட்டேன்."

"இங்க அடிக்கடி வருவீங்களா?"

"தங்கச்சிக்குச் சாப்பாடு கொண்டாருவேன். ஒரு மாசமா அவ வீட்டுக்கே சரியா வர்றதில்ல. இன்னிக்கு ஒருத்தர் வரலைன்னு என்னைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டா."

"எதுல வந்தீங்க?"

"பஸ்ல."

"ஓட்டிட்டா?"

"இல்ல, உக்காந்துட்டு."

"விளையாட்டு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் புரியல மேடம். ஒரே எடத்துல பாத்துட்டிருந்தேன்."

பிற்பகல் 2.50. சவுண்டுக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"எடுத்தியா?"

"எடுத்திருந்தா இந்நேரம் தூங்கியிருப்பேன் மேடம். மூணு நாளாத் தூங்கல. தண்ணி குடிக்க வந்தேன். ஜக்கு காலி, மேஜையெல்லாம் ஈரம். திரும்பிப் போயிட்டேன்."

"டிஸ்க் இருந்ததா?"

"கவனிக்கல."

"நேத்து என்ன சண்டை?"

"இதை அவ முடிக்கவே மாட்டா, நான் கிளம்பறேன்னு சொன்னேன். சும்மா சொன்னதுதான். நாலு வருஷமா வாரத்துக்கு ஒரு தடவை சொல்றேன்."

ரேடியோ சப்-இன்ஸ்பெக்டர் காதருகே குனிந்தார். "இவன்தான் மேடம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா அஞ்சு நிமிஷத்துல சொல்லிருவான்."

சவுண்டுக்காரனுக்கு அது கேட்டுவிட்டது. அவன் விளையாட்டு செய்தவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு வருடச் சிநேகம் அத்தோடு போயிற்று என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. கால் வலித்தது. 'கூட்டிட்டு வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடியும். சொல்லவில்லை. கால் நீட்ட இடம் தேடி நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது பிரிண்டரில் முட்டிக்கொண்டார். அதன் தட்டில் நான்கு தாள்கள் கிடந்தன.

"இது என்ன?"

"ஆட்டம் முடிஞ்சா தானா வரும். யார் எந்த ஜன்னலை எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு. இன்னும் யாரும் எடுக்கல."

முதல் தாளில் புள்ளிகள் ஒன்பது கட்டத்திலும் மணல் இறைத்ததுபோலச் சிதறிக் கிடந்தன. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாம் நாற்காலியின் தாளில் ஏழாவது கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. இருபது நிமிடத்தில் பதினான்கு நிமிடம் ஒரே இடம். மொத்த மார்க் மைனஸ் நானூற்றுப் பத்து.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்றே ரேடியோ நினைத்தார்.

பிற்பகல் 3.30. எல்லோரும் அறைக்குள் வந்தார்கள்.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

விளையாட்டு செய்தவளுக்கு எரிச்சல் வந்தது. "அப்புறம் சாப்பிட்டுக்கறேன் மேடம். மணி மூணரை ஆகுது."

"அதான் சொல்றேன். மணி மூணரை. சாப்பாட்டைத் திற."

குரலில் அதட்டல் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் மூலைக்குப் போனாள். பையின் முடிச்சை அவிழ்த்தாள். டப்பாவின் மேலே, மடித்த துண்டுக்குள், கறுப்பு டிஸ்க் இருந்தது.

சவுண்டுக்காரன் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"இந்த ரூம்ல ஆறு பை," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அஞ்சை ரெண்டு தடவை கொட்டியாச்சு. பறிகொடுத்தவங்க பையை யாரும் பாக்கறதில்ல, நானும்தான். எடுத்தவருக்கு அது வேணும்னு இல்ல. நீ ஒரு மணிக்குச் சாப்பிட உக்காந்திருந்தா ஒரு மணிக்கே கெடைச்சிருக்கும். நான் மூணு மாடி ஏறியிருக்க வேண்டாம்."

"யாரு?" என்றாள் அவள்.

சப்-இன்ஸ்பெக்டர் மூன்றாம் தாளை நீட்டினார். "இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவரு. ரோடு, மூணு கண்ணாடி, படிக்கட்டு, குறுக்க வர்ற ஆளு, எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாக்கறதுதான் அவர் பொழைப்பு. இந்த ஆட்டத்துல அவர்தான் முதல்ல வந்திருக்கணும். புரியலைன்னாரு. புரியாதவன் கண்ணு அலையும். இது அலையல, படிச்சிருக்கு. ஓடற எழுத்தைப் பதினாலு நிமிஷம் ஒருத்தர் விடாமப் படிச்சா, ஒண்ணு அது அவருக்கு எழுதினதா இருக்கணும், இல்ல அவர் எழுதினதா இருக்கணும். டிஸ்க் இருந்த மேஜைல தண்ணி, இவர் சட்டைக் கைலயும் தண்ணி."

டிரைவர் எழுந்து நின்றார். "நான்தான் மேடம் எடுத்தேன்."

"அண்ணா?"

"நான் அனுப்பினதெல்லாம் அதுல ஓடிச்சு பாப்பா. ஒண்ணொண்ணைப் பாக்கும்போதும் அஞ்சு மார்க் கொறைஞ்சுச்சு."

"நீ சொல்லியிருக்கலாமே. என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னாரு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பாக்கெட்ல அதிர்ந்ததே, அது என்னன்னு இப்பவாவது பாரு."

அவள் போனை எடுத்தாள். மெசேஜ் வந்த நேரம் 11.14. அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர்தான் எட்டிப் பார்த்துப் படித்தார்.

'பாப்பா, ஏழாவது ஜன்னல்ல ஓடறது நான் அனுப்பினது. நீ படிச்சியா இல்லையா? திரும்பிப் பாரு. பின்னாடிதான் உக்காந்திருக்கேன்.'

"திருட்டு பதினொண்ணு இருபதுக்கு மேல," என்றார். "வாக்குமூலம் ஆறு நிமிஷம் முன்னாடியே வந்துருச்சு. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

அவள் மேலே தள்ளிக்கொண்டே போனாள். சாப்பிட்டியா. எப்ப வர்றே. கதவைப் பூட்டல, வந்துரு. விரல் ஓரிடத்தில் நின்றது. பன்னிரண்டு நாளுக்கு முந்தையது. 'கண் டாக்டர் ரிப்போர்ட் வந்துருச்சு. ஓரப் பார்வை போயிட்டே இருக்காம். இடப்பக்கம் ரொம்ப மோசம். இனிமே வண்டி எடுக்கக் கூடாதாம். என்ன செய்யறதுன்னு தெரியல. ஒரு போன் பண்ணு.'

அதற்குப் பிறகும் பத்தொன்பது இருந்தன.

"இங்கேயே வந்து சொல்லலாம்னு நாலு தடவை வந்தேன்," என்றார் அண்ணன். அவருக்குக் கோபம் தீர்ந்துபோயிருந்தது, அசதி மட்டும் மிச்சமிருந்தது. "ரெண்டு நிமிஷம் இருண்ணான்னு சொல்லுவே. நானும் இருந்துட்டுப் போயிருவேன்."

அவள் அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கைத் துடைக்காமல் அழுதாள். பல் டாக்டர் திரைச்சீலையைப் பார்த்தார். கூரியர் பெண் முதல் தடவையாகப் போனைப் பைக்குள் வைத்தாள்.

மாலை 4.10. வெளியாட்கள் மூவரும் போயிருந்தார்கள். அவள் டிஸ்க்கைச் சவுண்டுக்காரனிடம் நீட்டினாள்.

"நீ கொண்டு போ."

"நானா? நான்தான் திருடனாச்சே."

"உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சுரு. நான் இந்த மெசேஜையெல்லாம் படிச்சு முடிக்கணும்."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். வாசல் வரை போய்த் திரும்பினான். "ஏழாவது ஜன்னலுக்கு ஏன் மைனஸ் அஞ்சுன்னு அவங்க கேட்டா என்ன சொல்றது?"

அவள் போனிலிருந்து தலை நிமிரவில்லை. அவன் கொஞ்சம் நின்றுவிட்டு இறங்கிப் போனான்.

"புகாரை என்னன்னு முடிக்கறது மேடம்?" என்றார் ரேடியோ.

"பொருள் கெடைச்சுதுன்னு எழுதுங்க. எடுத்தவர் பேரைக் கேக்கற கட்டம் காலியாவே இருக்கட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் போன், மடியில் சாப்பாட்டு டப்பா. அவளைப் பார்க்க அண்ணன் முழுத் தலையையும் திருப்பினார். அவள் அதைக் கவனித்தாள். எழுந்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, சுற்றிப் போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.