முரட்டுக் குதிரைக்கு ஆள் இல்லை

அல்சூரில் ஏரிக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆண்டு விழாவுக்கு நாடகம் உண்டு, அட்டையில் செய்த தேர் உண்டு. தேரோட்டியாக நிற்கப் பாதி வகுப்பு தயார். முரட்டுக் குதிரையாக மட்டும் ஒருத்தியும் இல்லை.

ஜகதாம்பாள் டீச்சர் எழுதிய நாடகம் அது. சரித்திரப் பாடத்தில் கிரேக்க தேசம் வந்தபோது அவர் சொன்னதுதான் கதை. மனிதரின் ஆத்மா ஒரு தேர் மாதிரி என்று அந்த நாட்டு ஞானி ஒருவர் சொன்னாராம். அதில் இரண்டு குதிரைகள். ஒன்று சாது, சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றது முரடு, கண்ட பக்கமெல்லாம் இழுக்கும். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் சாரதிதான் அறிவு. மூன்றும் ஒத்து ஓடினால் அதற்குப் பெயர் நற்குணம்.

சாரதி வேஷம் டோரீனுக்கு. சாதுக் குதிரை அனந்தலக்ஷ்மி. முரட்டுக் குதிரை ருக்குவின் தலையில் விழுந்தது. அவள் வீடு ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரில். கனைப்பு அவளுக்குக் கைவந்த கலை.

ஒத்திகையில் ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் ஒத்திகை முடிந்த பிறகுதான். மைக்கூடு கவிழ்ந்தால் முரட்டுக் குதிரை கவிழ்த்தது. பாடம் நடக்கும்போது யார் சிரித்தாலும் முரட்டுக் குதிரை சிரித்தது. ஒரு நாள் ருக்கு டிபன் டப்பாவைத் திறந்தால் இட்லிக்கு மேல் ஒரு பிடி புல்.

"சாப்பிடு குதுரே," என்று டோரீன் குதிரையைக் கன்னடத்தில் கூப்பிட்டாள். "உனக்காகவே ஏரிக்கரையில பறிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். ருக்குவும் சிரித்து வைத்தாள். இட்லியைத் தொடாமல் டப்பாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் ஃபாத்திமா அவளிடம் தயங்கித் தயங்கி வந்தாள். ஆனேக்கல்லிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவள். இன்னும் கடைசி பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நாடகத்தில் தனக்கும் ஒரு வேஷம் கிடைக்குமா, மரமாக நிற்கச் சொன்னாலும் நிற்பேன் என்றாள்.

ருக்கு யோசிக்கவே இல்லை. சணலில் செய்த குதிரைப் பிடரி மயிரை எடுத்து அவள் கையில் திணித்தாள். டீச்சரிடம் போய்த் தனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு பொய்யும் சொன்னாள்.

கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஒரு மத்தியானம், ஃபாத்திமாவின் டப்பாவில் புல்.

ஃபாத்திமாவும் சிரித்தாள். ஆனால் அது நிஜமான சிரிப்பு. ருக்குவின் காதோரம் வந்து கேட்டாள்: "என்னையும் விளையாட்டுல சேத்துக்கிட்டாங்க, இல்ல?"



வீட்டுக்கு நடக்கும்போது ருக்குவுக்குள் ஒரு குரல், நீதான் தப்பித்துவிட்டாயே, பேசாமல் இரு என்றது. இன்னொரு குரல், அது உனக்கு வந்த புல்தானே என்றது. இரண்டும் இரண்டு பக்கமாக இழுத்ததில் அவள் தெரு நடுவில் நின்றே விட்டாள். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அட, எனக்குள்ளும் தேர் ஓடுகிறதே என்று நினைத்தாள். அப்படியானால் டோரீனுக்குள்? சாதுவாக வரும் அனந்தலக்ஷ்மிக்குள்?

வேஷத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஃபாத்திமா மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாளே. ருக்கு வெகுநேரம் யோசித்தாள்.

மறுநாள் ஒத்திகையில் எழுந்து நின்று, தன் தொண்டைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதை முதலில் சொன்னாள். டீச்சர் முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. தேர் ஒரு சுற்று வந்ததும் மணி அடிக்க வேண்டும், வேஷங்கள் மாற வேண்டும், சாரதி குதிரையாக வேண்டும், குதிரை சாரதியாக வேண்டும். நாலாவது ஆள் மணி அடிக்கலாம் என்றாள்.

"நான் எதுக்கு முரட்டுக் குதிரை ஆகணும்? எங்க டாடி மம்மி பாக்க வராங்க," என்றாள் டோரீன்.

டீச்சரும் இழுத்தார். "இப்படி மாத்திக்கிட்டே இருந்தா யாரு நல்லவ, யாரு முரடுன்னு பாக்கறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியலை டீச்சர்," என்றாள் ருக்கு. "மூணும் ஒருத்திக்குள்ளதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப ஒருத்தி மட்டும் எப்பவும் எப்படி முரடா இருப்பா?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மணியைக் கொண்டுவரச் சொன்னார்.

விழா அன்று முதல் சுற்றுகள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் சுற்றில் பிடரி டோரீனுக்கு வந்தது. ஃபாத்திமா சாரதி, ருக்கு மணி அடிப்பவள். டோரீன் முதலில் விறைப்பாக நடந்தாள். மெதுவாக ஒரு கனைப்பு கனைத்தாள். முன்வரிசைக் குழந்தை ஒன்று கை தட்டியது. அவ்வளவுதான், டோரீன் காலை உதைத்தாள், தலையைச் சிலுப்பினாள், சாதுக் குதிரையையும் தேரையும் சேர்த்து மேடை முழுக்க இழுத்தாள்.

ருக்கு மணி அடித்தாள். டோரீன் நிற்கவில்லை. மறுபடி அடித்துவிட்டுப் பிடரிக்காகக் கையை நீட்டினாள்.

"இருடி, இன்னும் ஒரு சுத்து," என்று டோரீன் கனைப்புக்கு நடுவில் முணுமுணுத்தாள்.

அப்போது ஃபாத்திமா தேரில் நிமிர்ந்து நின்று கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாள்.

டோரீன் நின்றாள். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பிடரியைக் கழற்றினாள். ருக்குவைக் குனியச் சொல்லி, தானே அதை அவள் கழுத்தில் கட்டிவிட்டாள்.